ஆட்டக்காரனை விற்றவர் யார்?

2023ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் என் தொலைபேசி ஒலித்தது. அகால வேளையில் வரும் அழைப்பு அமங்கலச் செய்தியையே கொண்டுவரும் என்று பழகிப்போன மனம் துணுக்குற்றது. பேசியவன் ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் என் தமக்கையின் மகன். அங்கு அப்போது வெள்ளிக்கிழமைப் பிற்பகல். "மாமா, ஓதானி எங்கட ரீமுக்கு வாறான்! கலிபோர்னியாவில இருந்து பிளேன் வெளிக்கிட்டிட்டுது" என்றான். தனியார் விமானமொன்று அன்று கலிபோர்னியாவிலிருந்து ரொறன்ரோ நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அதன் பாதையைக் கணினித் திரைகளில் ஆயிரக்கணக்கானோர் கண்கொட்டாமற் பார்த்திருந்தனர். விமானத்துள் இருப்பவர் சோகெய் ஓதானி என்னும் யப்பானிய பேஸ்போல் வீரர் என்றும், ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் கழகத்துடன் ஒப்பந்தஞ் செய்ய அவர் வருகிறார் என்றும் செய்தி பரவியிருந்தது.

விமானம் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் கனடிய வணிகர் ஒருவரும் அவர் குடும்பத்தினருமே. மறுநாள், லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் கழகத்தில் தாம் சேர்ந்துவிட்டதாக ஓதானி அறிவித்தார். பத்தாண்டு ஒப்பந்தம், தொகை 70 கோடி டொலர். மருமகன் மீண்டும் பேசினான். "காசுக்காகப் போயிட்டான் மாமா. எங்களை ஏமாத்திப்போட்டான்."

பேஸ்போல் ஆட்டத்தின் நெளிவுசுளிவுகளை நான் அறியேன். வட்ட மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடுகிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு அதிற் பயிற்சியில்லை. ஆயினும் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. ஒரு தொழிலாளி தனக்குக் கூடுதலான கூலி தருபவரிடம் போனால் அதனை நாம் துரோகம் என்று சொல்வதில்லை. ஓர் ஆசிரியர் வசதியான பாடசாலைக்கு மாற்றம் பெற்றுச் சென்றாற்கூட, ஊரார் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவர். ஆட்டக்காரன் மட்டும் ஏன் ஏமாற்றுக்காரன் ஆகின்றான்? இந்தக் கோபத்தை ரசிகனின் நெஞ்சில் முதலில் விதைத்தவர் யார்? இவ்வினாவோடு தேடிப் படிக்கத் தொடங்கியபோது, விளையாட்டுப் பக்கங்களில் மறைந்துகிடக்கும் நெடியதொரு தொழிலாளர் வரலாறு கண்ணிற் பட்டது.

அமெரிக்காவிற் பணத்துக்கு ஆடும் பேஸ்போலை ஒழுங்குபடுத்திய தேசிய லீக் 1876இல் தோன்றியது. தொடக்க காலத்தில் ஆட்டக்காரர் ஒவ்வோராண்டு முடிவிலும் தாம் விரும்பிய கழகத்தோடு பேரம் பேசினர். நல்ல ஆட்டக்காரனைப் பெறக் கழகங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன, சம்பளம் உயர்ந்தது. சந்தைப் போட்டியின் மகிமையை மேடைதோறும் புகழும் முதலாளிகள், அப்போட்டி தமக்கெதிராகத் திரும்பியதும் என்ன செய்வார்களோ அதனையே செய்தனர். 1879ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி, பஃபலோ நகரிற் கூடிய கழக உரிமையாளர்கள் இரகசிய உடன்பாடொன்றுக்கு வந்தனர். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். அவர்களை வேறெந்தக் கழகமும் சேர்த்துக்கொள்ளலாகாது. இதுவே ஒதுக்கீட்டு விதி. ஐந்து என்ற எண்ணிக்கை விரைவிற் பதினொன்றாயிற்று. பின்னர் கழகத்தின் ஆட்டக்காரர் அனைவரும் அதற்குள் அடங்கினர்.

இவ்விதி ஒப்பந்தத்தில் எவ்வாறு இடம்பெற்றது என்பதைச் சற்று விளக்குதல் தகும். ஆட்டக்காரன் கையொப்பமிடுவது ஓராண்டுக்கே. ஆனால் அடுத்த ஆண்டுக்கும் அதனைப் புதுப்பிக்கும் உரிமை கழகத்துக்கு உண்டு என்று அதில் ஒரு வாசகம் இருக்கும். புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே வாசகம் இருக்கும். ஆகவே ஓராண்டு ஒப்பந்தம் ஆயுள் ஒப்பந்தமாயிற்று. கழகம் மட்டும் அவனை எப்போது வேண்டுமாயினும் விலக்கலாம், விற்கலாம், மற்றொருவனுக்கு மாற்றலாம். அவனுக்கோ ஆடுவது அல்லது ஆட்டத்தையே விடுவது என்ற இரண்டு வழிகளே இருந்தன. கட்டுண்டவன் ஒருவன், கட்டியவன் மற்றொருவன் என்ற நிலைக்கு ஒப்பந்தம் என்று பெயரிட்டது சட்டத்தின் சாமர்த்தியம்.

இதனை முதலில் உரத்துக் கண்டித்தவர் ஜோன் மொன்ட்கொமரி வோர்ட். களத்திற் புகழ்பெற்றவர், ஆடிக்கொண்டே கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று 1885இற் பட்டம் பெற்றவர். அதே ஆண்டிலேயே ஆட்டக்காரரின் முதற் சங்கத்தையும் அமைத்தார். 1887இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில், பேஸ்போல் ஆட்டக்காரன் உடைமைப் பொருளா என்று கேட்டு, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எசமானரிடம் ஒப்படைக்க இயற்றிய பழைய சட்டத்தோடு ஒதுக்கீட்டு விதியை ஒப்பிட்டார். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து அப்போது 22 ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்தால், அவ்வொப்பீட்டின் சூடு விளங்கும். 1890இல் வோர்ட்டும் தோழர்களும் தமக்கெனத் தனி லீக்கே தொடங்கினர். சிறந்த ஆட்டக்காரர் பெரும்பாலோர் அதிற் சேர்ந்தனர். ஆயினும் அதற்கு மூலதனம் இட்டவர்கள் பழைய முதலாளிகளோடு சமரசம் பேசி விலகியதால் ஓராண்டிலேயே அது சிதைந்தது. ஆட்டக்காரர் தலைகுனிந்து பழைய கழகங்களுக்குத் திரும்பினர்.

பின்னர் நீதிமன்றமும் முதலாளிகளின் பக்கமே சாய்ந்தது. 1922இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அன்று, ஆதலால் ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹோம்ஸ். நாடெங்கும் புகைவண்டியிற் சென்று ஆடி, நுழைவுச்சீட்டு விற்று இலாபம் பகிர்ந்த தொழில் வணிகமன்றாம்! இத்தீர்ப்பு வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் பொஸ்ரன் கழக உரிமையாளர், பேப் ரூத் என்னும் மாபெரும் வீரரை நியூயோர்க் யாங்கீஸ் கழகத்துக்கு 100,000 டொலருக்கு விற்றிருந்தார். விற்பனையின்போது ரூத்தின் சம்மதம் தேவைப்படவில்லை.

அக்காலத்து ரசிகனும் குளிர்காலத்திற் பேரச் செய்திகளைப் பத்திரிகையிற் படித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அன்றைய பேரம் ஒரே கடைக்காரரோடு நிகழ்வது. சம்பளம் போதாதென்று கருதும் ஆட்டக்காரன் கையொப்பமிடாது வீட்டில் இருப்பான். அவனுக்கு இருந்த ஆயுதம் அதுவொன்றே. 1938இல் யாங்கீஸ் வீரர் ஜோ டிமாஜியோ 40,000 டொலர் கேட்டார். கழகம் 25,000க்கு மேல் ஒரு சதமும் தர மறுத்தது. ஆட்டப் பருவம் தொடங்கிய பின்னர் அவர் பணிந்து அதே 25,000க்குத் திரும்பினார்; வராத நாட்களுக்குச் சம்பளமும் வெட்டப்பட்டது. அவர் களமிறங்கியபோது ரசிகர்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து வாடிய மக்களுக்கு 25,000 டொலரை வேண்டாமென்றவன் பேராசைக்காரனாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அவனுக்குக் கொடாது மிச்சம்பிடித்த 15,000 டொலர் தம்மிடம் திரும்பப் போவதில்லை, கழக உரிமையாளரின் பெட்டிக்கே போகும் என்பதை அந்தக் கூச்சலில் எவரும் எண்ணவில்லை. என் மருமகனின் கோபத்துக்கு மூதாதையர் அந்த மைதானத்தில் இருந்தனர்.

இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். ஒதுக்கீட்டு விதியைப் புனிதமாகப் போற்றிய உரிமையாளர்கள், கறுப்பினத்தவரைத் தம் களங்களிலேயே அனுமதிக்கவில்லை. கறுப்பினத்தவர் தமக்கெனக் கழகங்கள் அமைத்து ஆடினர். 1947இற் புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்துக்காக ஜாக்கி ரொபின்சன் களமிறங்கி நிறத்தடையை உடைத்தார். அது மகத்தான நிகழ்ச்சி. ஆனால் அவர் முன்னர் ஆடிய கறுப்பினத்தவர் கழகமாகிய கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸுக்கு டொட்ஜர்ஸ் ஒரு சதமேனும் நட்டஈடு கொடுக்கவில்லை. வெள்ளையர் கழகத்துக்கு ஆட்டக்காரன் சொத்து. கறுப்பினத்தவர் கழகத்துக்கு அவ்வுரிமைகூடக் கிடையாது.

அதே டொட்ஜர்ஸ் கழகத்தின் மற்றொரு கதையையும் ரசிகர்கள் அறிந்திருத்தல் நன்று. தொழிலாளரும் குடியேறியவரும் நிறைந்த புரூக்ளின் பகுதி அக்கழகத்தை உயிராக நேசித்தது. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அதன் உரிமையாளர் வோல்டர் ஓமாலி, கழகத்தை அப்படியே பெயர்த்தெடுத்துக் கண்டத்தின் மறுகரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுசென்றார். அங்கே மைதானம் எழுந்த சாவெஸ் ரவீன் பள்ளத்தாக்கிலே மெக்சிக்கோ வமிசத்து ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்திருந்தன. பொதுமக்களுக்கு வீடு கட்டுவதாகச் சொல்லி நகராட்சி அவர்களை எழுப்பியது; பின்னர் வீட்டுத்திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைக் கழகத்துக்குக் கொடுத்தது. எஞ்சியிருந்த குடும்பங்களை 1959இற் பொலிசார் தூக்கி வெளியேற்றினர். ஓதானி எந்தக் கழகத்துக்குக் காசுக்காகப் போனார் என்று மருமகன் ஏசினானோ, அந்தக் கழகமே ஒரு காலத்தில் காசுக்காக ஊரைவிட்டுப் போன கழகம்தான்.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான மனிதரிடம் வருவோம். கேர்ட் ஃபிளட் 1938இல் ஹியூஸ்ரனிற் பிறந்து ஒக்லண்டில் வளர்ந்த கறுப்பினத்தவர். சென். லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்துக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். பின்களத்தின் நடுப்பகுதியைக் காப்பதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் அரியர். அத்திறமைக்கான பொற்கையுறைப் பரிசை 1963 முதல் ஏழாண்டுகள் தொடர்ந்து பெற்றார். 1964இலும் 1967இலும் அவருடைய கழகம் நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றது. 1969இல் அவர் சம்பளம் 90,000 டொலர். அவ்வாண்டு ஒக்ரோபரில் அவரையும் வேறு சிலரையும் பிலடெல்பியாக் கழகத்துக்குக் கொடுத்து, டிக் அலன் முதலியோரைக் கார்டினல்ஸ் பெற்றுக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவருக்கு இச்செய்தியைக் கழகத்தின் நடுத்தர அதிகாரி ஒருவர் தொலைபேசியிற் சொல்லி முடித்தார்.

ஃபிளட் போக மறுத்தார். வழக்காடத் தீர்மானித்து, ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமை நிர்வாகி மார்வின் மில்லரிடம் சென்றார். மில்லர் ஒளிவுமறைவின்றிப் பேசினார்: வழக்கு பல்லாண்டு இழுபடும்; வென்றாலும் உனக்குப் பயனிராது; உன் ஆட்ட வாழ்வு அதோடு முடிந்துவிடும். ஃபிளட் கேட்டது ஒன்றே. மற்ற ஆட்டக்காரருக்கும் பின்னால் வருபவருக்கும் அது பயன்படுமா? பயன்படும் என்றார் மில்லர். அது போதும் என்றார் ஃபிளட். சங்கப் பிரதிநிதிகள் கூட்டத்தில், கறுப்பினத்தவர் என்பதாலா இப்போராட்டம் என்று ஒருவர் கேட்டபோது, கறுப்பினத்தவனாக வாழ்ந்த அனுபவம் தமக்குக் கூடுதலான உணர்வைத் தந்தது உண்மையே, ஆனால் இக்கட்டு எல்லா ஆட்டக்காரரையும் கட்டியது என்ற கருத்தில் அவர் விடையளித்தார். பிரதிநிதிகள் ஒருமனதாக அவரை ஆதரித்தனர்.

1969ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி அவர் பேஸ்போல் ஆணையாளர் போவி கூனுக்கு எழுதிய கடிதம் சிறியது, மரியாதை குன்றாதது. தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாது வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்தல்லர் என்றும், மற்றக் கழகங்களின் அழைப்புகளையும் ஆராய்ந்து முடிவெடுக்கத் தமக்கு உரிமையுண்டு என்றும் கூறினார். ஆணையாளர் மறுத்தார். 1970 ஜனவரியில் வழக்குத் தாக்கலாயிற்று. 90,000 டொலர் சம்பளம் வாங்குபவன் அடிமையா என்று தொலைக்காட்சியிற் கேட்கப்பட்டபோது, நல்ல கூலி பெறும் அடிமையும் அடிமையே என்று அவர் கூறிய விடை நாடெங்கும் பரவியது. பரவியவுடன் வசைக் கடிதங்களும் வந்து குவிந்தன. எழுதியோருட் பெரும்பாலோர் ரசிகர்களே.

நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, அப்போது களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரருள் ஒருவரேனும் சாட்சி சொல்ல வரவில்லை. அச்சம். வந்தவர்கள் ஓய்வுபெற்றவர்களே. தலை நரைத்து, நோயால் தளர்ந்த ஜாக்கி ரொபின்சன் வந்து ஃபிளட்டுக்காகச் சாட்சி சொன்னார். தம்மை ஒருமனதாக ஆதரித்த சங்கத்தின் தோழர்களை அந்த வாங்குகளில் ஃபிளட் தேடியிருப்பார் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தொழிற்சங்கக் கூட்டத்திற் கையை உயர்த்துவதற்கும், முதலாளியின் கண்முன்னே தோழனின் பக்கத்தில் வந்து நிற்பதற்கும் இடையிலுள்ள தூரம் நம் ஆசிரியர் சங்கங்களுக்கும் தெரியாததன்று.

கீழ் நீதிமன்றங்களில் அவர் தோற்றார். 1972 ஜூன் 19ஆம் திகதி உயர் நீதிமன்றமும் 5க்கு 3 என்ற வாக்கில் அவருக்கு எதிராகத் தீர்த்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிளாக்மன், பழைய வீரர்கள் எண்பதுக்கு மேற்பட்டோரின் பெயர்களை ஆசையோடு அடுக்கிவிட்டுத் தொடங்கினார். பேஸ்போலுக்கு மட்டும் உள்ள இவ்விலக்கு முறைபிறழ்ந்தது என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனை நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகழுவினார். நீதியரசரும் ரசிகராக இருந்ததில் ஆட்டக்காரனுக்கு என்ன இலாபம்?

ஃபிளட் 1970 முழுவதும் ஆடவில்லை. 1971இல் வொஷிங்டன் கழகத்தில் 13 ஆட்டங்கள் மட்டும் ஆடி, மனம் நொந்து ஸ்பெயின் தேசம் போய்விட்டார். மது அவரைச் சில காலம் விழுங்கியது. 1997 ஜனவரியில், 59 வயதில், தொண்டைப் புற்றுநோயாற் பாதிக்கப்பட்டு இறந்தார். அடுத்த ஆண்டு அவர் பெயராலேயே ஒரு சட்டம் நிறைவேறி, ஆட்டக்காரரின் வேலை நிலைமைகள் குறித்த பழைய விலக்கை நீக்கியது. எவருக்குப் பதிலாக அவர் அனுப்பப்பட்டாரோ அந்த டிக் அலன் 2024இல் பேஸ்போல் புகழ்மண்டபத்துக்குத் தெரிவானார். ஃபிளட்டுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை.

ஃபிளட் தோற்ற இடத்திற் சங்கம் வேறு வழியால் வென்றது. மில்லர் சாதாரண மனிதரல்லர். புரூக்ளினில் வளர்ந்து டொட்ஜர்ஸ் ரசிகராயிருந்தவர். உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பொருளியலறிஞராகப் பணிபுரிந்து பேரத்தின் கலையைக் கற்றவர். 1966இல் அவர் பொறுப்பேற்றபோது ஆட்டக்காரனின் ஆகக்குறைந்த ஆண்டுச் சம்பளம் 6,000 டொலர். இருபது ஆண்டுகளில் அது 1,000 டொலரே உயர்ந்திருந்தது. 1968இல் முதற் கூட்டு ஒப்பந்தம் அதனை 10,000 ஆக்கியது. 1970இல் அவர் பெற்ற வெற்றி அதனினும் பெரிது. ஆனால் அதன் பெருமையை அன்று உரிமையாளர்கள் உணரவில்லை. பிணக்குகளை ஆணையாளரிடமன்றிப் பக்கஞ்சாரா நடுத்தீர்ப்பாளரிடம் கொண்டுசெல்லலாம் என்ற ஒரு வாசகம் ஒப்பந்தத்தில் ஏறியது.

அவ்வாசகத்தின் முதற்பயன் 1974இல் வெளிப்பட்டது. ஒக்லண்ட் கழகப் பந்தெறியாளர் கற்ஃபிஷ் ஹன்ரரின் சம்பளத்திற் பாதியாகிய 50,000 டொலரை, ஒப்பந்தப்படி காப்புறுதியில் இடாது உரிமையாளர் ஃபின்லி ஏய்த்தார். நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ், ஒப்பந்தம் முறிந்தது, ஹன்ரர் சுயாதீன ஆட்டக்காரர் என்று தீர்த்தார். வட கரோலைனாவிற் சிற்றூர் ஒன்றிலிருந்த வழக்கறிஞரின் பணிமனை வாயிலுக்கு, நாட்டின் பெருங்கழகங்களின் பிரதிநிதிகள் ஒருவர்பின் ஒருவராகப் படையெடுத்தனர். கமக்காரக் குடும்பத்திற் பிறந்த ஹன்ரர் அவர்களை அங்கே இருந்து வரவேற்றார். ஆண்டின் இறுதி நாளில் யாங்கீஸ் கழகத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது. தொகை முப்பது இலட்சம் டொலருக்கும் மேல். அதற்கு முன்னர் அவர் பெற்ற ஆண்டுச் சம்பளம் 100,000. ஒரே மனிதர், அதே கை, அதே பந்து. இடைப்பட்ட தொகை அதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை அன்று ஒவ்வோர் ஆட்டக்காரனும் கணக்கிட்டுப் பார்த்திருப்பான்.

ரசிகன் நட்சத்திர வீரனின் பேரத்தை நாளுக்கு நாள் பின்தொடரும் வழக்கம் அந்தச் சிற்றூரிலேதான் பிறந்தது எனலாம். முன்னர் உரிமையாளர்கள் மூடிய அறையில் விற்றனர். இப்போது சந்தை வெளியே வந்தது.

அடுத்த ஆண்டு அன்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மக்னலி ஆகிய இரு பந்தெறியாளர் புதிய ஒப்பந்தத்திற் கையொப்பமிடாமலே ஆடினர். ஓராண்டு புதுப்பித்தல் என்றால் ஓராண்டுதானே. அது முடிந்ததும் எங்களைக் கட்ட எது உண்டு என்பது அவர்களின் வாதம். மக்னலி பருவத்தின் நடுவிலேயே ஆட்டத்தை விட்டு மொன்ரானாவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பிவிட்டவர்; வழக்கில் அவருக்கு எவ்வித ஆதாயமும் இல்லை. அவரைக் கழற்றிவிட்டால் வழக்கு வலுவிழக்கும் என்று கருதிய மொன்றியல் கழகம், பயிற்சி முகாமுக்கு வந்தாலே 25,000 டொலர் என்று ஆசை காட்டியது. தம்மால் இனி ஆட இயலாது, ஆடாமற் பணம் வாங்குவது நேர்மையன்று என்று அவர் மறுத்தார். "காசுக்காக" என்ற சொல்லை வாயில் வைத்திருக்கும் ரசிகர்கள் மக்னலியின் பெயரையும் தெரிந்து வைத்திருக்கலாம். 1975 டிசெம்பர் 23ஆம் திகதி சைற்ஸ் ஆட்டக்காரருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் உடனே அவரைப் பதவிநீக்கினர். நீதிமன்றங்களோ தீர்ப்பை உறுதிசெய்தன. 1879இல் இட்ட கட்டு 96 ஆண்டுகளுக்குப் பின் அறுந்தது.

அதன்பின் நடந்த பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. ஃபின்லி, எல்லா ஆட்டக்காரரையும் ஆண்டுதோறும் சுயாதீனராக்கிவிடுங்கள் என்று சக உரிமையாளர்களுக்குச் சொன்னாராம். மில்லர் உள்ளூர அஞ்சியதும் அதுவே. எல்லோரும் ஒரே நாளிற் சந்தைக்கு வந்தால் விலை சரியும். ஆகவே ஆறாண்டு சேவை முடித்தவரே சுயாதீனராகலாம் என்ற 1976ஆம் ஆண்டு ஏற்பாட்டை அவர் இன்முகத்தோடு ஏற்றார். சராசரிச் சம்பளம் 1976இல் சுமார் 51,500 டொலர். 1980இல் சுமார் 143,750. ஆனால் இந்த ஆறாண்டு வேலி முதலாளிகளுக்கும் உதவிற்று என்பதை மறைக்கலாகாது. ஓதானியையே பாருங்கள். 2018இல் அவர் யப்பானிலிருந்து வந்தபோது அவரை விடுவித்தமைக்காக அங்குள்ள கழகம் பெற்ற தொகை 2 கோடி டொலர். அவர் கைக்கு வந்த ஒப்பந்தத் தொகை சுமார் 23 இலட்சம். முதலாண்டுச் சம்பளம் 545,000. 2021இல் லீக்கின் தலைசிறந்த வீரராகத் தெரிவானபோதும் அவ்வாண்டுச் சம்பளம் 30 இலட்சமே. 70 கோடியைக் கண்டு திகைத்த மருமகனுக்கு அந்த ஆறாண்டுக் கணக்கு தெரியாது.

உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1985 முதல் மூன்று குளிர்காலங்கள், பிறர் கழக வீரரை எவரும் கேட்பதில்லை என்று தமக்குள் சூழ்ச்சி செய்தனர். புகழ்பெற்ற வீரர்கள் வாசலில் நின்றனர்; வாங்குவாரில்லை. 1987இல் அன்ட்ரே டோசன், தொகை எழுதாத வெற்று ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு சிக்காகோக் கழகத்திடம் நீட்டினார். அவர்கள் 500,000 என்று எழுதினர். அவர் அவ்வாண்டிலேயே தேசிய லீக்கின் தலைசிறந்த வீரரானார். நடுத்தீர்ப்பாளர் சூழ்ச்சியை அம்பலப்படுத்தினர். 1990இல் 28 கோடி டொலர் நட்டஈடு கொடுக்க உரிமையாளர்கள் இணங்கினர். 1994இல் சம்பள உச்சவரம்பைத் திணிக்க முயன்றபோது வேலைநிறுத்தம் மூண்டு, அவ்வாண்டின் இறுதித் தொடரே நடவாமற் போயிற்று. ரசிகர்கள் இருதரப்பையும் சபித்தனர்.

"இவங்களுக்குச் சம்பளம் கூடக் கூடத்தான் ரிக்கெட் விலை ஏறுது" என்பது மருமகனின் மற்றொரு முறைப்பாடு. நியாயம்போலத் தோன்றும் இக்கூற்று பிழையானது. நுழைவுச்சீட்டின் விலையை நிர்ணயிப்பது ஆட்டக்காரனின் கூலியன்று. ரசிகன் எவ்வளவு கொடுப்பான் என்ற மதிப்பீடே. அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்தாட்டத்தில் மாணவ ஆட்டக்காரர் நெடுங்காலம் கல்விச் சலுகை தவிர வேறொன்றும் பெறவில்லை. பெரிய ஆட்டங்களின் சீட்டுகளோ மலிவாக இருந்ததில்லை. கூலி கொடாது மிஞ்சிய பணம் பயிற்றுநரின் சம்பளமாயிற்று, மைதான மாடமாயிற்று.

ஆட்டக்காரர் சங்கத்தையும் ஒரேயடியாகப் புகழ என்னால் முடியாது. நட்சத்திரங்கள் கோடியிற் புரண்ட காலத்தில், அதே கழகங்களின் கீழ்நிலை அணிகளில் ஆடிய இளைஞர்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் டொலரில் ஒரே அறையிற் பலர் நெருங்கிப் படுத்தனர். அவர்கள் சங்கத்துள் சேர்க்கப்படவேயில்லை. 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுட் பலருக்கு ஆகக்குறைந்த கூலிச் சட்டத்தின் பாதுகாப்பையே குறுக்கியது. சட்டத்துக்கு இட்ட பெயர் தேசத்தின் பொழுதுபோக்கைக் காப்பதாம்! 2022இலேயே அவர்களைச் சங்கம் அணைத்துக்கொண்டது. 2023இன் முதல் ஒப்பந்தம், ஆகக் கீழ்ப்படியில் 4,800 டொலராயிருந்த ஆண்டுச் சம்பளத்தை 19,800 ஆக்கியது. மில்லர் பொறுப்பேற்று 56 ஆண்டுகள் கழிந்த பின்னர் நேர்ந்த இத்தாமதத்துக்கு அச்சங்கம் வெட்கப்படவேண்டும்.

ஓதானியின் 70 கோடியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டுதோறும் அவர் கைக்கு வருவது 20 இலட்சமே. எஞ்சிய 68 கோடி, 2034 முதல் 2043 வரை வட்டியின்றிக் கொடுக்கப்படும். அதாவது ஆட்டக்காரன் தன் கழகத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறான். இதைச் சொன்னபோது மருமகன் சிரித்தான். கோபம் மட்டும் தணியவில்லை. அதைத் தணிக்கவேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. வீதியிற் பனிகொட்டும் மாதங்களில், தந்தையும் தாயும் இரட்டை வேலைக்குப் போன வீட்டிலே தனித்திருந்த பிள்ளைக்கு அந்த நீலச் சட்டைக்காரர்கள் துணையாயிருந்திருக்கிறார்கள். அந்த அன்பு பொய்யன்று.

2025 ஒக்ரோபரில் ரொறன்ரோவும் டொட்ஜர்ஸும் இறுதித் தொடரில் மோதின. முதலாட்டத்தில் ரொறன்ரோ மைதானம் ஓதானியை நோக்கி, நீ எங்களுக்கு வேண்டாம் என்று ஒருமித்து முழங்கியது. ஏழாம் ஆட்டத்திற் டொட்ஜர்ஸ் வென்றது. நவம்பரில் மருமகன் பேசியபோது குரல் கம்மியிருந்தது. "எண்டாலும் எங்கட விளாடி விட்டுட்டுப் போகேல்ல மாமா. அவன் எங்கட பொடியன், மொன்றியல்ல பிறந்தவன்." விளாடிமிர் கெரேரோ, அவ்வாண்டு ஏப்ரலில் ரொறன்ரோவிலேயே 14 ஆண்டுகள் தங்க 50 கோடி டொலருக்கு ஒப்பந்தமானவர். அதனைக் காசுக்காக என்று ஸ்காபரோவில் எவரும் சொல்லவில்லை.

அவனுக்கு நான் ஒரு செய்தி சொன்னேன். அந்தப் பொடியனின் தகப்பனும் பெரிய ஆட்டக்காரர். மொன்றியல் கழகத்துக்கு ஆடியவர். 2004 ஜனவரியிற் சுயாதீனராகக் கலிபோர்னியாவுக்குப் போனவர். அவர் போய் ஓராண்டுக்குள் மொன்றியல் கழகமே பெயர்க்கப்பட்டு வொஷிங்டனுக்குப் போயிற்று.

சற்றுநேரம் பேச்சில்லை. பின்னர் கேட்டான்: "ரீமைக் கொண்டுபோனது ஆர் மாமா?"

"மற்ற ரீம்களின்ர முதலாளிமார்தான். 2002இல எல்லாரும் கூட்டாச் சேர்ந்து அதை வாங்கி வச்சிருந்தவை" என்றேன்.